சறுக்கு இரயிலின் தந்தை லாமார்கஸ் தாம்சன்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல் மாணவர்)

முன்னுரை

சென்ற ஆண்டு ஆற்றல் அழிவின்மை விதியை எங்களுக்கு விளக்கிய பேராசிரியர் அவர்கள், கரும்பலகையில் மேடும் பள்ளமுமாக ஒரு நீண்ட கோடு வரைந்தார். முதல் மேடு உயரம். அடுத்தது அதைவிடத் தாழ்வு. அதற்கடுத்தது இன்னும் தாழ்வு. உச்சியில் நிற்கும் வண்டி நிலை ஆற்றலைப் பெற்றிருக்கிறது. கீழே இறங்கும்போது அது இயக்க ஆற்றலாக மாறுகிறது. மீண்டும் ஏறும்போது நிலை ஆற்றலாகிறது. ஒவ்வொரு முறையும் உராய்வு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது என்று சொல்லி, அந்தப் படத்தின் கீழ் ரோலர் கோஸ்டர் என்று எழுதினார். இதில் ஏறியவர்கள் கை தூக்கலாம் என்றார். எங்கள் வகுப்பில் ஒரு கையும் உயரவில்லை. இதை முதலில் அமைத்தவர் யார் என்று யாருக்கேனும் தெரியுமா என்று கேட்டார். அதற்கும் விடையில்லை. நான் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்து நின்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றவே இக்கட்டுரை.

தொங்கும் வண்டி

இன்று உலகிலுள்ள கேளிக்கைப் பூங்காக்களில் காணப்படும் ரோலர் கோஸ்டர்களுள் வியப்பானது ஒன்று உண்டு. சாதாரண இரயில் தண்டவாளத்தின் மேல் ஓடும். இதிலோ வண்டி தண்டவாளத்திற்குக் கீழே தொங்கிக்கொண்டு ஓடும். ஏறியவர்களின் கால்களுக்கு அடியில் தளம் கிடையாது. தண்டவாளம் தலைக்கு மேலே போகும். கால்கள் வெட்டவெளியில் ஆடும். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் கர்னி என்னும் ஊரிலுள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் கிரேட் அமெரிக்கா பூங்காவில் 1992-ஆம் ஆண்டு மே மாதம் இவ்வகையில் முதலாவது திறக்கப்பட்டது. பேட்மேன் தி ரைடு என்பது அதன் பெயர். சுவிட்சர்லாந்து நாட்டின் பொலிகர் மாபில்லார்டு நிறுவனத்தார் அதை அமைத்தனர். எஃகுக் குழாயால் ஆன பாதை. உயரம் 100 அடி. வேகம் மணிக்கு 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். பயணிகள் ஐந்து முறை தலைகீழாகச் சுழற்றப்படுகின்றனர்.

நூறடி என்பது முப்பது மீட்டரைச் சற்றுத் தாண்டும். அந்த உயரத்திலிருந்து தரைவரை உராய்வே இல்லாமல் இறங்கினால் எவ்வளவு வேகம் வரும் என்று என் குறிப்பேட்டில் கணக்கிட்டுப் பார்த்தேன். மணிக்கு 88 கிலோமீட்டர் வந்தது. உண்மை வேகமோ 80 தான். வண்டி தரைமட்டம் வரை இறங்குவதில்லை என்பதும், காற்றும் சக்கரமும் சிறிது ஆற்றலைத் தின்கின்றன என்பதும் அந்த வேறுபாட்டிற்குக் காரணங்கள். இந்த வண்டியில் எஞ்சின் கிடையாது. ஒரு சங்கிலி அதை முதல் மேட்டிற்கு இழுத்துச் செல்வதோடு சரி. மற்ற வேலை முழுவதையும் புவியீர்ப்பு விசையே செய்கிறது.

எஞ்சின் இல்லாத வண்டியில் மக்களை ஏற்றிக் காசு வாங்கலாம் என்பதை உலகிற்குத் தொழிலாகச் செய்து காட்டியவர் லாமார்கஸ் அட்னா தாம்சன். அவர் வாழ்க்கை வரலாற்றைக் காண்போம்.

பிறப்பும் இளமையும்

தாம்சன் 1848-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் ஜெர்சி என்னும் சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் மிச்சிகன் மாநிலத்திலுள்ள ஹில்ஸ்டேல் என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. கையில் ஓர் உளியும் ஒரு மரத்துண்டும் கிடைத்தால் போதும், சிறுவன் தாம்சன் எதையாவது செய்துகொண்டிருப்பான். பன்னிரண்டு வயதில் தாயாருக்கு வெண்ணெய் கடையும் கருவி ஒன்றையும், தந்தையாருக்கு மாட்டு வண்டி ஒன்றையும் செய்து கொடுத்ததாக அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. பின்னர் தச்சு வேலையில் தேர்ந்தார். ஹில்ஸ்டேல் கல்லூரியிலும் பயின்றார்.

கல்லூரிப் படிப்பு வேறு, கைத்தொழில் வேறு என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. படித்தவன் சுத்தியலைத் தொடக்கூடாது. சுத்தியலைத் தொட்டவன் படிக்கத் தேவையில்லை என்று இருபுறமும் சொல்வார்கள். தாம்சனிடத்தில் இவ்விரண்டும் ஒன்றாகக் கலந்திருந்தன. அவருடைய பிற்கால வெற்றிக்கு அடிப்படை இதுவே என்பது என் கருத்து.

பின்னலாடைத் தொழில்

இளமைப் பருவத்தைக் கடந்த தாம்சன் இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் நகரில் தொழில் தொடங்கினார். அவர் செய்தது காலுறைத் தொழில். அக்காலத்துக் காலுறைகளில் பின்னிய துணியை மடித்துத் தைத்த தையல் இருக்கும். நாள் முழுவதும் காலணி அணிந்து நடப்பவர்களுக்கு அந்தத் தையல் காலை அறுக்கும். தையலே இல்லாத காலுறையைப் பின்னும் முறையொன்றைத் தாம்சன் உருவாக்கினார். அதனால் பெரும்பொருள் ஈட்டினார்.

இந்தப் பகுதியைப் படித்தபோது என் மனம் வீட்டிற்குப் போய்விட்டது. என் தந்தையார் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவர். வட்ட மெஷினில் துணி குழாய்போல் இறங்குவதையும், அதனால் பனியனுக்குப் பக்கவாட்டில் தையல் வேண்டாமல் போவதையும் சிறு வயதில் அவர் எனக்குக் காட்டியிருக்கிறார். எல்க்ஹார்ட் நகரத்துக் கனவான் எதைக் கண்டு செல்வரானாரோ, அதன் உறவுக்காரப் பொறியொன்றின் முன்னால்தான் என் தந்தையார் இருபத்தைந்து ஆண்டுகளாக நிற்கிறார் என்று தோன்றியது.

தாம்சனுடைய செல்வம் பெருகப் பெருக உடல்நலம் குன்றியது. அயராத உழைப்பு அவரைப் படுக்கையில் தள்ளியது. காலுறைத் தொழிலை விட்டு விலக வேண்டியதாயிற்று. முப்பத்தைந்து வயதை நெருங்கும் ஒருவர், கட்டி வளர்த்த தொழிலைக் கைவிட்டு நிற்கிறார். பலர் அத்தோடு ஓய்ந்திருப்பார்கள். தாம்சனோ புதியதொன்றைத் தொடங்கினார்.

அவருக்கு முன்னிருந்தவர்கள்

மேட்டிலிருந்து சறுக்கி மகிழும் விளையாட்டைத் தாம்சன் கண்டுபிடிக்கவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நேர்மையாகும்.

பதினேழாம் நூற்றாண்டிலேயே ருசிய நாட்டில் குளிர்காலத்தில் மரச்சாரங்களின் மேல் நீரூற்றிப் பனிக்கட்டியாக்கி, அதன்மேல் சறுக்கி விளையாடினர். 1817-ஆம் ஆண்டில் பாரிசு நகரில், பனிக்குப் பதிலாகச் சக்கரங்களும் பாதையும் வைத்து, ருசிய மலைகள் என்ற பெயரிலேயே சறுக்கு வண்டிகள் விட்டனர்.

அமெரிக்காவில் இதன் வேர் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலத்து மௌச் சங்க் என்னும் ஊருக்கு அருகே மலைமேல் நிலக்கரி எடுத்தார்கள். 1827-ஆம் ஆண்டில் அங்கிருந்து ஏறத்தாழ ஒன்பது மைல் தூரத்திற்கு இருப்புப் பாதை அமைத்து, கரி நிறைந்த வண்டிகளைச் சரிவில் தாமாக ஓடவிட்டனர். காலி வண்டிகளை மேலே இழுத்துச் செல்லக் கோவேறு கழுதைகள். அந்தக் கழுதைகளும் இறங்கும்போது வண்டியிலேயே ஏறி வரும். பின்னர் 1840-களில் நீராவி எஞ்சின்கள் வண்டிகளை மேலிழுக்க வந்தன. 1870-களில் கரிக்கு வேறு வழி கிடைத்தபின், மலைச்சரிவில் வேகமாக இறங்கும் இன்பத்திற்காகவே மக்கள் காசு கொடுத்து அதில் பயணம் செய்தார்கள். உழைப்பிற்காக ஏற்பட்ட பாதை மகிழ்ச்சிக்கான பாதையாயிற்று.

காகிதத்திலும் தாம்சனுக்கு முன்னோடிகள் உண்டு. 1872-இல் டெய்லர் என்பவரும், 1878-இல் ரிச்சர்டு நுட்சன் என்பவரும் சரிவு இருப்புப் பாதைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்கள். அருகருகே அலைபோன்ற இரு பாதைகள், இரு முனைகளிலும் வண்டியை மேலே தூக்கும் ஏற்பாடு என்று நுட்சன் வரைந்த திட்டம், பிறகு தாம்சன் கட்டியதை மிகவும் ஒத்திருந்தது. ஆனால் நுட்சனின் திட்டம் காகிதத்திலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் தாம்சனைத் தந்தை என்று அழைப்பது தகுமா என்ற வினா எழுகிறது. கருத்து பலருக்குத் தோன்றலாம். அதற்கு மரம் வாங்கி, இடம் பிடித்து, ஆணி அடித்து, மழையிலும் காற்றிலும் நிற்கச் செய்து, முன்பின் தெரியாத மனிதர்கள் நம்பி ஏறி அமரும்படி ஆக்குபவர் ஒருவரே. தேர்வில் விதியை எழுதிவிட்டு, செய்முறைக் கூடத்தில் கருவியை இயக்கத் தெரியாமல் விழிக்கும் என்னைப் போன்றவர்கள் இந்த வேறுபாட்டை நன்கு அறிவோம்.

கோனி தீவு, 1884

நியூயார்க்கு நகரில், புரூக்ளினின் தென்கோடியில் அமைந்த கடற்கரை கோனி தீவு. கோடைக்காலத்தில் நகரத்து மக்கள் அங்கே பெருந்திரளாகக் கூடுவர். கடலும் மணலும் இருந்ததோடு மதுக்கடைகளும் சூதாட்ட விடுதிகளும் அங்கே மலிந்திருந்தன. தாம்சன் சமயப் பற்று மிக்கவர். வாரம் முழுதும் உழைத்துவிட்டு வரும் இளைஞர்கள் கையிலிருக்கும் காசை மதுவிலும் சூதிலும் தொலைப்பது அவரை வருத்தியது. அவர்களைத் திட்டுவதால் பயனில்லை. அவற்றைவிட நல்ல மகிழ்ச்சி ஒன்றைக் குறைந்த காசில் கொடுக்க வேண்டும் என்பதே அவர் எண்ணமாக இருந்தது என்பர்.

1884-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவருடைய சறுக்கு இரயில் அங்கே திறக்கப்பட்டது. கடற்கரையில் ஏறத்தாழ 600 அடி இடைவெளியில் இரண்டு மர மேடைகள். ஐம்பது அடி அளவு உயரம். அவற்றுக்கிடையே அலை அலையாக ஏறி இறங்கும் மரப்பாதை. மக்கள் படியேறி மேடைக்குச் சென்று, நீண்ட பெஞ்சு போன்ற வண்டியில் பக்கவாட்டாகத் திரும்பி அமர வேண்டும். வண்டியை மெல்லத் தள்ளிவிட்டால் அது தானாக உருண்டு இறங்கி, ஏறி, மறுமுனையை அடையும். அங்கே அனைவரும் இறங்கிக்கொள்வர். ஊழியர்கள் வண்டியை உச்சிவரை தள்ளி அடுத்த பாதைக்கு மாற்றுவர். மக்கள் மீண்டும் ஏறி, புறப்பட்ட இடத்திற்கே திரும்புவர்.

வேகம் மணிக்கு ஆறு மைல் அளவே. ஒருவர் விரைந்து ஓடினால் அந்த வண்டியை முந்திவிடலாம். ஆயினும் மக்கள் வரிசையில் நின்றார்கள். கட்டணம் ஐந்து சென்ட். கட்டச் செலவான 1,600 டாலரும் மூன்று வாரங்களுக்குள் திரும்பிவிட்டது என்பர். அதற்கு 32,000 சீட்டுகள் விற்றிருக்க வேண்டும். 1885-ஆம் ஆண்டு சனவரி 20-ஆம் நாள் தாம்சனுக்கு அதற்கான காப்புரிமையும் கிடைத்தது.

இங்கே நம் பாடத்தை நினைவுகூர வேண்டும். வண்டி தானாகவே எதிர் மேடையின் உச்சியை ஏன் அடையவில்லை? உராய்வு ஆற்றலின் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது. அதனால் புறப்பட்ட உயரத்திற்கு அது மீண்டும் ஏற முடியாது. குறைந்த அந்தச் சில அடிகளைத் தாம்சனின் வண்டியில் ஈடுசெய்தவை ஊழியர்களின் தோள்கள்.

போட்டியும் தோல்வியும்

வெற்றி பெற்றவனை உலகம் சும்மா விடுவதில்லை. அதே 1884-ஆம் ஆண்டிலேயே சார்லஸ் அல்கோக் என்பவர் பாதையின் இரு முனைகளையும் வளையமாக இணைத்துவிட்டார். அவருடைய வண்டியில் ஏறியவர்கள் நடுவில் இறங்க வேண்டியதில்லை. ஏறிய இடத்திலேயே வந்து இறங்கலாம். 1885-இல் சான் பிரான்சிஸ்கோ நகரத்து பிலிப் ஹிங்கிள் என்பவர் ஆட்களோடு வண்டியை மேட்டின் உச்சிக்கு இழுத்துச் செல்லும் பொறியைப் பொருத்தினார். படியேறும் சிரமமும் போயிற்று. தள்ளும் ஆட்களின் தேவையும் போயிற்று. பயணிகள் முன்னோக்கி அமர்ந்ததால் வேகமும் பரபரப்பும் கூடின. ஓராண்டிற்குள் தாம்சனின் வண்டி பழையதாகிவிட்டது.

தாம்சனின் வரலாற்றில் என்னைக் கவர்ந்த கட்டம் இதுவே. முதலில் செய்தவன் நான் என்று சொல்லிக்கொண்டு அவர் உட்கார்ந்துவிடவில்லை. தம்மைவிட மற்றவர்கள் சிறப்பாகச் செய்தவற்றைப் பார்த்துக் கற்றார். தாமும் மாற்றங்கள் செய்தார். சில ஆண்டுகளுக்குள் முப்பது அளவிலான காப்புரிமைகளைப் பெற்றார். இங்கிலாந்தின் ஸ்கெக்னெஸ் கடற்கரையில் 1885-ஆம் ஆண்டிலேயே அவருடைய சறுக்கு இரயில் ஓடத் தொடங்கியது. நான்கைந்து ஆண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக ஐம்பதுக்கு நெருக்கமான இடங்களில் அவர் அமைத்தவை இயங்கின.

காட்சி இரயில்

வேகத்தில் மற்றவர்களோடு ஓடிப் பயனில்லை என்று உணர்ந்த தாம்சன் வேறொரு வழியில் சிந்தித்தார். வேகத்தோடு கண்ணுக்கு விருந்தும் வைத்தால் என்ன? 1887-ஆம் ஆண்டு அட்லாண்டிக் சிட்டி நகரில் காட்சி இரயில் என்ற புதிய வகையைத் திறந்தார். வண்டி இருண்ட சுரங்கங்களுக்குள் நுழையும். அது நெருங்கியவுடன் விளக்குகள் தாமே எரிந்து, சுவரில் தீட்டிய மலைகளும் தொலைநாட்டுக் காட்சிகளும் பளிச்சென்று தோன்றும். கடந்தவுடன் மீண்டும் இருள். மின்விளக்கே பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாதிருந்த காலம் அது. வெளிநாட்டுப் பயணம் என்பதைக் கனவிலும் காணாத தொழிலாளி, சில சென்டுகளுக்கு மலைநாடுகளைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினான்.

1895-இல் தம் பெயரிலேயே காட்சி இரயில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அந்த இரயில்களில் வண்டிக்கு நடுவே தடைபோடும் ஊழியர் ஒருவர் நின்று, வளைவுகளில் கைப்பிடியை இழுத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் லூனா பார்க் என்னும் இடத்தில் 1912-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காட்சி இரயில் இம்மரபைச் சேர்ந்தது. நூறாண்டைக் கடந்தும் ஓடிய அதில், தடைபோடும் ஊழியர் நின்றுகொண்டே வந்தார். இங்கிலாந்தின் மார்கேட் நகரில் 1920-இல் திறக்கப்பட்ட காட்சி இரயில் 2008-ஆம் ஆண்டு தீக்கிரையாகி, செப்பனிடப்பட்டு 2015-இல் மீண்டும் ஓடியது.

தாம்சன் 1919-ஆம் ஆண்டு, தம் எழுபத்தொன்றாம் வயதில், நியூயார்க்கு மாநிலத்து லாங் தீவில் கிளென் கோவ் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் இயற்கை எய்தினார்.

அவருக்குப் பின்

தாம்சனிடம் இளமையில் வேலை பார்த்தவர்களுள் ஒருவர் ஜான் மில்லர். ஆசானை விஞ்சிய மாணவர். தாம்சன் மறைந்த அதே 1919-ஆம் ஆண்டில் மில்லர் ஒரு சிறிய பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். அது தண்டவாளத்தின் அடிப்புறத்தைப் பற்றி ஓடும் சக்கரம். அதற்கு முன்பு வண்டியின் எடை மட்டுமே அதைப் பாதையில் இருத்தி வைத்திருந்தது. மேட்டின் முகட்டில் வேகமாகச் சென்றால் வண்டி பாதையைவிட்டு எழும்பிவிடும். கீழ்ச் சக்கரம் வந்தபின் வண்டி பாதையைக் கவ்விக்கொண்டது. மேலே தாங்கும் சக்கரம், பக்கவாட்டில் வழிநடத்தும் சக்கரம், கீழே பற்றும் சக்கரம் என்ற மூன்றும் சேர்ந்தபிறகே செங்குத்தான இறக்கங்களைத் துணிந்து கட்ட முடிந்தது. மேட்டில் ஏறும் வண்டி சங்கிலி அறுந்தாலும் பின்னோக்கி உருளாதபடி தடுக்கும் கொக்கியும் மில்லர் அமைத்ததே. முதன்மேட்டில் ஏறும்போது கேட்கும் கடகட என்ற ஒலி, பலருக்கு அச்சமூட்டும் ஒலி. உண்மையில் அது பாதுகாப்பின் ஒலி.

1920-கள் மரச் சறுக்கு இரயில்களின் பொற்காலம். தாம்சனின் முதல் வண்டி ஓடிய கோனி தீவில் 1927-இல் சைக்ளோன் என்னும் புகழ்பெற்ற மரக் கோஸ்டர் எழுந்தது. பின்னர் வந்த பொருளாதார வீழ்ச்சியில் பல அழிந்தன. 1959-இல் கலிபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் மாட்டர்ஹார்ன் என்னும் கோஸ்டருக்கு முதன்முதலாக எஃகுக் குழாய்ப் பாதை அமைத்தார்கள். குழாயை எத்திசையிலும் வளைக்கலாம். எனவே தலைகீழ்ச் சுழல்கள் சாத்தியமாயின. அதன் அடுத்த படியே நான் முதலில் கூறிய தொங்கும் வண்டி. சாதாரணக் கோஸ்டரின் சுழலில் பயணிகள் வளையத்தின் உட்புறம் இருப்பார்கள். தொங்கும் வகையிலோ தண்டவாளம் உட்புறமும் பயணிகள் வெளிப்புறமும் செல்வர். சுழலும்போது வட்ட இயக்கத்திற்குத் தேவையான மையநோக்கு விசையைத் தண்டவாளம் சக்கரங்கள் வழியாக இருக்கைக்குத் தருகிறது. காலுக்கடியில் ஒன்றுமில்லை என்று அலறுகிறவர்களைத் தாங்கி நிற்பவை அந்தச் சக்கரங்களே.

மணிக்கு ஆறு மைலில் தொடங்கியது, நூற்றெட்டு ஆண்டுகளில் ஐம்பது மைலுக்கு வந்து, தலைகீழாகவும் தொங்கியது. இருந்தும் இரண்டிலும் எஞ்சின் இல்லை. இரண்டையும் ஓட்டுவது ஒரே விசை.

என் தந்தையார் கேட்ட வினா

இக்கட்டுரையை எழுதி முடித்த வார விடுமுறையில், வீட்டில் என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். அவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் ஊர்த் திருவிழாவில் நானும் என் தங்கையும் ராட்டினத்தில் சுற்றும்போது அவர் கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார். தமக்கொரு சீட்டு வாங்கியதில்லை. அந்தக் காசில் எங்களுக்கு இன்னொரு சுற்று கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

காலுறைக் கம்பெனிக் கதையை விரும்பிக் கேட்டார். ஐந்து சென்ட் கட்டணம் வைத்ததைப் பாராட்டினார். கடைசியில் ஒரே ஒரு வினாவைக் கேட்டார். வண்டியைத் தோள் கொடுத்துத் தள்ளிய ஆட்கள், அடுத்த ஆண்டே இழுக்கும் மெஷின் வந்ததும் என்ன ஆனார்கள் என்று கேட்டார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. அந்த இடத்தை எழுதும்போது உராய்வைப் பற்றி நினைத்தேன். ஈடுசெய்த ஆற்றலைப் பற்றி நினைத்தேன். தோளுக்குரிய மனிதனைப் பற்றி நினைக்கவில்லை. அவருடைய கம்பெனியில் புதிய மெஷின் வந்தபோதெல்லாம் பக்கத்தில் நின்றவர்களில் யாரோ ஒருவர் குறைந்ததைப் பார்த்தவர் அவர். அதனால் அவருக்கு அந்த வினா தோன்றியது.

தள்ளும் வேலை போன இடத்தில், தடைபோடும் ஊழியர் வந்தார். பின்னர் தானியங்கித் தடைகள் வந்து, பெரும்பாலான இடங்களில் அவரும் போனார். எனினும் ஒரு வேலை போகவில்லை. ஒவ்வொரு நாளும் பூங்கா திறப்பதற்கு முன் பாதையைச் சோதிப்பவரும், சக்கரத்தை ஆராய்பவரும், காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பவரும் இன்றும் வேண்டும். எங்கள் ஊர் ராட்டினக்காரர் ஒவ்வொரு மாலையும் கூட்டம் சேருமுன் ஸ்பேனரால் ஒவ்வொரு போல்ட்டையும் தட்டிப் பார்ப்பது எனக்கு நினைவு வந்தது. அதை நான் சிறுவனாக இருந்தபோது விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

முடிவுரை

கேளிக்கைக்காக ஒரு பொறியைக் கட்டியவரின் வரலாற்றைக் கல்லூரி மலரில் எழுத வேண்டுமா என்று நண்பர் சிலர் கேட்டனர். நோயைத் தீர்த்தவர்களையும் நாட்டை விடுவித்தவர்களையும் பற்றி எழுதும் பக்கங்களில் இவருக்கு என்ன இடம் என்றனர். உழைத்துக் களைத்த மனிதனுக்குக் கள்ளங்கபடமற்ற ஒரு நிமிட மகிழ்ச்சியைத் தன் கைக்காசில் வாங்கத் தருவதும் ஒரு தொண்டே என்பது என் விடை. அந்த ஒரு நிமிடத்தை ஆபத்தின்றித் தருவதற்கு எவ்வளவு அறிவும் எவ்வளவு உழைப்பும் வேண்டும் என்பதைத் தாம்சனும் அவருக்குப் பின் வந்தவர்களும் காட்டியிருக்கிறார்கள்.

அவர் வாழ்விலிருந்து நான் கற்றவை மூன்று. முதலாவது, படிப்பும் கைவேலையும் பகைவர்கள் அல்லர். இரண்டாவது, நம்மை ஒருவர் மிஞ்சிவிட்டால் அவரிடமே கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவதைத் தாம்சன் கற்பிக்கவில்லை. என் தந்தையார் கற்பித்தார். ஒரு கணக்கில் விசையையும் வேகத்தையும் எழுதும்போது, அந்த விசைக்குப் பின்னால் நிற்கும் மனிதனையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

என்றாவது ஒருநாள் நான் பணியில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கினால், என் தந்தையாரை ஒரு பூங்காவிற்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். தொங்கும் வண்டிக்கு அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். மெதுவாகச் செல்லும் சிறிய சறுக்கு இரயில் ஒன்றிலாவது அவரை அமர்த்துவேன். அம்முறை கீழே நின்று பார்க்கும் முறை என்னுடையது.